பிள்ளையிடம் சொல்லும் பொய் கருணையாகுமா?

ஐந்து வயதுப் பாலகனுக்குக் குடலிறக்கம். டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். அன்று அதிகாலையில் தாய் மகனை எழுப்பி, "வா ராசா, பொம்மை வாங்கப் போகலாம்" என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்கிறாள். நம் வீடுகளில் இது புதிதல்ல. சுன்னத்துக்கும் எத்தனையோ பிள்ளைகளை இப்படித்தானே உட்கார வைத்தோம்! "பிள்ளை பயந்து அழக் கூடாதே என்ற இரக்கத்தால் சொன்னேன். இதுவும் பாவமா?" என்று அந்தத் தாய் கேட்டால் என்ன சொல்வது?

நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்களின் இல்லத்தில் அமர்ந்திருந்தார்கள். சிறுவராயிருந்த அவரைத் தாயார், ஒன்று தருவதாகச் சொல்லி அழைத்தார்கள். என்ன கொடுக்க நாடினீர் என்று நாயகம் வினவ, பேரீச்சம்பழம் என்றார்கள். ஒன்றும் கொடுக்காதிருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என நாயகம் எச்சரித்தார்கள். இது அபூதாவூதில் வரும் ஹதீஸ். ஒரு பேரீச்சம்பழத்திற்கே இந்தக் கணக்கென்றால், பொம்மைக் கடைக்கும் ஆபரேஷன் அறைக்கும் என்ன கணக்கு?

மேலும், இந்தப் பொய் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. ஊசியைக் கண்டதும் வெளிப்பட்டுவிடும். வலியைப் பிள்ளை மறந்துவிடலாம். உம்மா ஏமாற்றியதை மறப்பானா? அடுத்த முறை நீங்கள் உண்மை சொன்னாலும் நம்ப மாட்டானே!

இப்ராஹீம் (அலை) அவர்கள் மகனிடம் சொல்லாமலே காரியத்தை முடித்திருக்கலாம். ஆனால் தாம் கண்ட கனவைச் சொல்லி, மகனின் கருத்தையும் கேட்டார்கள் என்கிறது ஸாஃப்பாத் சூராவின் 102ஆம் வசனம். சொல்லிக் கேட்டதால்தான் அந்த மகன் பொறுமையோடு முன்வந்தார்.

"அவர்கள் நபிமார்கள், நம் பிள்ளை பச்சை மண்ணல்லவா?" என்பீர்கள். மெய்தான். அதனால் உண்மையை அளந்து கொடுங்கள். எல்லாவற்றையும் சொல்வது வேறு, பொய் சொல்லாதிருப்பது வேறு. கத்தி, இரத்தம் என்றெல்லாம் விவரிக்க வேண்டாம். "இந்த வீக்கத்தை டாக்டர் சரி செய்வார். மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார். அப்போது வலி தெரியாது. எழுந்தபின் கொஞ்சம் வலிக்கும், அதற்கும் மருந்து உண்டு" என்றால் போதும். சின்னஞ்சிறு பிள்ளைக்கு ஓரிரு நாள் முன்பும், பெரிய பிள்ளைக்கு ஒரு வாரம் முன்பும் சொல்லலாம். பொம்மையின் முகத்தில் மூடி வைத்து விளையாட்டாகவே காட்டலாம்.

மயக்கம் வரும்வரை உடனிருக்க அனுமதி உண்டா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே பிள்ளைக்கு வாக்குக் கொடுங்கள். நிறைவேற்றும் எண்ணமில்லாத வாக்குக்கு 'இன்ஷா அல்லாஹ்'வைத் திரையாக்காதீர்கள்.

இரக்கத்தின் பெயரால் செய்யும் இன்னொரு தவறும் உண்டு. பசியென்று பிள்ளை அழுதால் டாக்டருக்குத் தெரியாமல் பிஸ்கட் கொடுத்துவிடுகிறோம். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பொதுவாக ஆறு மணி நேரம் முன்பே உணவை நிறுத்துகிறார்கள். தண்ணீரை எதுவரை கொடுக்கலாம் என்பதை அவர்களிடமே கேளுங்கள். தவறிக் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்தே தைரியம் கொள்கிறான். முதலில் நீங்கள் ஒளுச் செய்து இரண்டு ரக்அத் தொழுது மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். பிறகு அவன் கையைப் பிடித்து உண்மையைச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், அணைத்துக்கொள்ள நீங்கள் இருக்கிறீர்கள்.

அல்லாஹ் நம் மக்களுக்குப் பூரண சுகத்தையும், நம் நாவுகளுக்கு வாய்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.