பூட்டிய கோயிலில் இருந்த அம்மன்

அருங்காட்சியகத்துல சாமி சிலையைப் பார்த்தா கும்பிடுவீங்களா, போட்டோ எடுப்பீங்களா? உண்மையைச் சொல்றேன், நான் போட்டோதான் எடுத்தேன்.

சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் ஓர் உமா பரமேஸ்வரி இருந்தாள். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்துச் செப்புத் திருமேனி. 2007இல் நியூயார்க் வியாபாரியிடம் 650,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியது. பிறகுதான் அது தமிழ்நாட்டில், அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலில் திருடுபோன அம்மன் என்று தெரிந்தது. 2015இல் இந்தியாவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அதே கோயில் நடராஜர் ஆஸ்திரேலியா வரை போய், 2014இல் திரும்பினார்.

இதை ஒரு நண்பனிடம் சொன்னேன். “அங்கேயே இருந்திருந்தா பத்திரமா இருந்திருக்குமேடா” என்றான். கோபம் வந்தது, பதில் வரலை. ஏன்னா அந்தக் கோயில் நித்திய பூஜை இல்லாமல் பூட்டிக் கிடந்தது. 2008இல் சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப் போனபோதுதான் சாமிகளைக் காணோம் என்பதே தெரிந்தது. அதற்கு முன்பே உமா சிங்கப்பூர் வந்துவிட்டாள்! தினமும் ஒருத்தர் விளக்கேற்றியிருந்தால் மறுநாளே தெரிந்திருக்குமே.

நான் படிப்பது இயந்திரப் பொறியியல். அதனால் இதையும் சொல்லணும். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசிச் சூடாக்குவார்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்தால்தான் சாமி வெளியே வரும். ஓர் அச்சுக்கு ஒரே மூர்த்திதான், இரண்டாவது கிடையாது. பீடத்தில் வளையமும் துளையும் இருக்கே, அது கம்பு செருகித் தூக்குவதற்கு. கருவறை மூர்த்தி நகராது. நடக்க முடியாத பாட்டியின் வீட்டு வாசலுக்கும் போகணும்னுதான் உற்சவர். கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்க வார்த்ததல்ல அது.

நம்ம தோட்டத்துக் கோயிலுக்கு வருவோம். திருவிழாவுக்குச் சாமி தூக்க நான் முதல் ஆள். மற்ற நாள்? பரீட்சை, அசைன்மெண்ட், ஃபுட்சால். நம்ம கோயிலில் எத்தனை உற்சவர்கள் என்று அந்த நண்பன் கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை போய் எண்ணினேன். ஐந்து. நான்கு பேரைத் தெரிந்தது. ஓரத்தில் சின்னதாக ஒருவர், கையில் மழு. பண்டாரம் ஐயாவிடம் கேட்டேன். “சண்டிகேஸ்வரர் தம்பி. நீ பிறக்கறதுக்கு முன்னயிருந்து இங்கதான் இருக்கார்” என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.