வான நூல் கற்றவனும் மூலத்துப் பெண்ணும்

வான நூலைக் கல்லூரியிற் கற்றுத் தேறிய இளைஞன் ஒருவன், தன் தமையனுக்குப் பெண் பேசுமிடத்து, "பெண் என்ன நட்சத்திரம்?" என்று பெரியோர் வினவ, வாய்மூடி வீற்றிருத்தல் தகுமா? தகாதெனின், அஃது அறிவுக் குறை மட்டுந்தானா, ஒழுக்கக் குறையும் ஆகுமா? இவ்வினாவைக் கேட்ட மாத்திரத்தில் சிலர் நகைப்பர். "படிப்பு வேறு, குடும்ப வழக்கம் வேறு; இரண்டையும் ஒன்றாய்ப் போட்டுக் குழப்புவானேன்?" என்பர். அங்ஙனம் கூறுவோர் பெரும்பாலும் நல்லவர். எவருக்கும் தீங்கு நினையாதவர். அதனாலேயே இதனைச் சற்று ஆழ்ந்து ஆராய வேண்டியதாகிறது.

ஜொகூர் மாநிலத்துச் செனாய் நகரை எடுத்துக்கொள்வோம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேலாக அமைந்த ஊர் அது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த அவ்வூருக்கு 1974-இல் விமான நிலையம் வந்தது, தொழிற்சாலைகளும் வந்தன, அவற்றின் விளக்கொளியால் இன்று வானத்தைப் பாதி இழந்து நிற்கிறது. எனினும் மேகமற்ற இரவில் அங்கு கிட்டும் காட்சி சிறியதன்று. துருவமீன் வட அடிவானத்தோடு ஒட்டிக் கிடந்து கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் மே மாதத்து இரவில் வடக்கே சப்தரிஷி மண்டலமும் தெற்கே தென்சிலுவையும் ஒருங்கே நிற்கும். இங்கிலாந்து நாட்டான் தன் ஊரில் இருந்துகொண்டு ஆயுள் முழுதும் காத்திருந்தாலும் காண முடியாத காட்சி இது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தேள் உருவம் தென்வானில் உயர ஏறிவர, அதன் வளைந்த வாலைத் தோட்டத்துச் சிறு பிள்ளையும் விரல் நீட்டிக் காட்டும். அந்த வால்தான் நம்மவர் அஞ்சி நடுங்கும் மூலம்.

இவ்வாலைப் பற்றி முதலாண்டு வான நூல் மாணவன் கற்பது யாது? அதிலுள்ள மீன்கள் ஒரு குடும்பத்தவை அல்ல என்பது முதற்பாடம். சில, சில நூறு ஒளியாண்டுத் தொலைவில் உள்ளன. ஒன்றோ அவற்றினும் பன்மடங்கு அப்பால் உள்ளது. நம் கண்ணுக்கு ஒரே வாலாய்த் தோன்றுவது நாம் நிற்குமிடத்தின் விளைவே. வாலின் நுனியில் ஒளிரும் பெருமீனின் ஒளி, நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறித் தோட்ட வேலைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே புறப்பட்டது. விண்மீன்கள் எப்பொருளால் ஆயவை என்பதை மாந்தர் ஒருபோதும் அறிய இயலாது என்று பிரெஞ்சு ஞானி கோம்ட் 1835-இல் உறுதியாக உரைத்தார். ஒளியைப் பட்டகத்தாற் பிரித்து நோக்கும் முறை அவ்வுறுதியை உடைத்தது. 1868-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது நம் குண்டூரில் முகாமிட்டிருந்த ஜான்சன் என்பாரும் அம்முறையையே கையாண்டார். விண்மீன்களில் மிக்கிருப்பது ஹைட்ரஜனே என்று செசிலியா பேய்ன் என்னும் இளம்பெண் 1925-இல் கணித்தபோது, அக்காலத்துப் பேரறிஞர் ஒருவர் அதனை ஏற்க மறுத்து, சில ஆண்டுகள் கழித்துத் தாமே அம்முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

இவற்றினும் வியப்பான பாடம் வேறொன்று. ஒரு விண்மீனின் வாழ்வும் சாவும் பெரும்பாலும் அது பிறந்தபோது பெற்ற எடையாலேயே தீர்மானிக்கப்படுகின்றன. நம் ஞாயிறு ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு எரியும். அதனினும் பன்மடங்கு எடையுள்ள மூலத்துப் பெருமீனைப் போன்றவை சில கோடி ஆண்டுகளிலேயே எரிந்து தீரும். எரிந்து தீர்ந்த மீன் வெண்குறுமீனாக நிலைபெற வேண்டுமாயின் அதன் எடை ஞாயிற்றினைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்படலாகாது. இதனைக் கணித்தவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற நம் சந்திரசேகர். 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்போதே அக்கணக்கைத் தொடங்கினார். 1935-இல் இலண்டன் கூட்டத்தில் எடிங்டன் என்ற பெரியார் அதனை எள்ளி நகையாடினார். எடிங்டன் பெயர் பெரிது. ஆயினும் கணக்கு அவர் பெயருக்கு அஞ்சவில்லை. 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது.

ஆக, பிறப்பாலே ஊழ் அமைதல் விண்மீனுக்கு மெய்யாகவே உண்டு. அதனை அப்படியே பெயர்த்து மாந்தர் தலையிற் சுமத்தியவர் நாம். அதிலும் வஞ்சனையாகச் சுமத்தினோம். "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்கிறது வழக்கு. ஒரு தாய் வயிற்றில், ஒரே இரவில், ஆணும் பெண்ணுமாய் இரட்டையர் பிறந்தால், அதே மீன் தமையனுக்கு அரசையும் தங்கைக்கு நாசத்தையும் எவ்வாறு பங்கிட்டளிக்கும்? மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாள் என்பர். திங்கள் ஏறத்தாழ 27 நாளைக்கு ஒரு நாள் அவ்விடத்தைக் கடக்கிறது. உலக மக்கள் 800 கோடிக்கு மேற்பட்டோரில் இருபத்தேழில் ஒரு பங்கினர், அதாவது ஏறக்குறைய 30 கோடிப் பேர், மூலத்திற் பிறந்தவரே. அவருட் பாதி பெண்கள். 15 கோடி மாமனாரைக் கொல்லும் மீனைக் குறித்து உலகத்து மருத்துவர் எவரும் அறியாதிருப்பது விந்தையன்றோ! செனாய்ப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் அந்நாளில் ஒரு மலாய்ப் பெண்ணும் ஒரு சீனப் பெண்ணும் ஒரு தமிழ்ப் பெண்ணும் பிறக்கின்றனர் என்று கொள்வோம். முதலிருவருக்கும் மூலம் என்ற சொல்லே தெரியாது. தீங்கு மூன்றாமவளுக்கு மட்டும் வருகிறது. அதனை வானம் அனுப்பவில்லை. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்தார்கள்.

இது தமிழருக்கு மட்டும் உரிய மடமை அன்று. அறுபதாண்டுச் சுழற்சியில் வரும் நெருப்புக் குதிரை ஆண்டிற் பிறந்த பெண் கணவனுக்கு ஆகாள் என்ற அச்சத்தால், ஜப்பானில் 1965-இல் 18 இலட்சத்துக்கு மேலிருந்த பிறப்பு 1966-இல் 13 இலட்சத்து 60 ஆயிரமளவிற் குன்றிற்று. பொறியியலில் தலைசிறந்த நாடு அது! கல்வி பரவினால் இவை தாமே ஒழியும் என்று கைகட்டி இருப்போர் இவ்வெண்களைக் கவனிப்பாராக.

"மீன்கள் எதையும் செய்வதாக நாங்கள் கூறவில்லை, அவை அறிகுறி மட்டுமே, நம் முன்னோர் கணக்குத் தவறாது" என்பார் சிலர். அக்கணக்கையே பார்ப்போம். திருக்கணிதப்படி சனி கும்பத்துட் புகுந்தது 2023 ஜனவரி 17. வாக்கியப்படியோ அவ்வாண்டு டிசம்பர் 20. இடையே பதினொரு திங்கள்! பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒத்திட்டுத் திருத்த வேண்டுமென்று சென்னை வானாய்வுக் கூடத்திற் பணிபுரிந்து 1880-இல் மறைந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் அந்நாளிலேயே வாதாடினார். அவரே நேரில் நோக்கி ஒளி மாறும் விண்மீனொன்றைக் கண்டறிந்தவர். அவர் மறைந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகியும் இரு பஞ்சாங்கமும் அச்சாகின்றன. பலனைச் சோதித்தவரும் உண்டு. 2008-இல் வான நூலறிஞர் நார்லிகர், நரேந்திர தாபோல்கர் முதலியோர், கல்வியிற் சிறந்த சிறுவர் நூற்றுவர், மனவளர்ச்சி குன்றியோர் நூற்றுவர் ஆகியோரின் சாதகங்களைத் திரட்டி, ஆளுக்கு நாற்பதாக 27 சோதிடரிடம் தந்து பிரித்துக் காட்டுமாறு கேட்டனர். நூற்றுக்கு 46 சரியாயிருந்தன. காசைச் சுண்டியிருந்தால் 50 கிட்டியிருக்கும். தாபோல்கர் 2013-இல் புனா நகர வீதியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். வானத்தைப் பற்றிய உண்மை இந்நாட்களிலும் உயிர் விலை கேட்கிறது.

நிற்க. எழுத்தறியாத பாட்டி மூலத்துக்கு அஞ்சுதல் குற்றமன்று. அவளுக்கு வேறொன்றும் கற்பிக்கப்படவில்லை. கற்றவன் நிலை வேறு. "பெரியோர் மனத்தை நோகச் செய்யலாமா?" என்பதே அவன் சொல்லும் சமாதானம். நல்ல குணந்தான், ஆனால் பெரியோர் மனம் நோகாமைக்கு அவன் கொடுக்கும் விலை அவனுடையதன்று. இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து என வயதேறி, ஒவ்வொரு முறையும் காப்பித் தட்டுடன் வந்து நின்று, பின் மறுமொழி வராதிருக்கும் பெண்ணின் ஆண்டுகளிலிருந்து அவ்விலை எடுக்கப்படுகிறது. பிறர் கைப்பொருளைக் கொண்டு தன் தாய்க்குப் பட்டெடுத்துத் தருபவனைத் தாயன்புடையான் என்போமா? தான் அறியாததைச் சொல்லாதவன் மௌனம் அடக்கம். அறிந்ததைச் சொல்லாதவன் மௌனத்தாற் பிறர் கெடுவாராயின், அதற்கு அப்பெயர் பொருந்தாது.

பெண் பேசுமிடத்தில் பிறப்பைப் பற்றி வினவியே தீர வேண்டுமாயின், வினவத்தக்கது ஒன்றுண்டு. தலசீமியா என்னும் குருதிக் குறை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவது. மணமக்கள் இருவரும் அதனை மறைவாகத் தாங்கியிருப்பின் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு இடர் உண்டு. சிறிதளவு இரத்தத்தை எடுத்துச் சோதித்தால் அது தெரிந்துவிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சோதனை ஒன்றே. தரகர் சாதகக் கட்டை விரிக்கும்போது, வான நூல் கற்ற தம்பி தன் தமையனின் இரத்தச் சோதனைத் தாளை முதலில் எடுத்து வைக்கட்டும்.