விதியா வேய்ந்தது கூரையை?

2004 ஜூலை 16. குடந்தையிலே ஒரு பள்ளி. சத்துணவுச் சமையற்கூடத்தின் கீற்றிலே பற்றிய தீ, மாடி வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவிற்று. 94 பிஞ்சுகள் கருகி மாண்டனர். "விதி" என்றனர் சிலர்.

விதியா கீற்று வேய்ந்தது? விதியா அதனருகே அடுப்பு மூட்டிற்று? குறுகிய படிக்கட்டை நம்பிக் குழந்தைகளை மாடியிலே நெருக்கி அமர்த்தியதும் விதிதானா?

அக்கூரையை நாள்தோறும் கண்டவர் பலர். பழகிய கண் அஞ்சுவதில்லை. அஞ்சாத மனம் கேட்பதில்லை. நேற்று நேராத தீங்கு இன்றும் நேராது என்பதும் மூடநம்பிக்கையே, தோழர்களே!

பின்னர்ப் பள்ளிக் கீற்றுக் கூரைகளை அகற்ற ஆணை பிறந்தது. நன்று. ஆனால் 2021 டிசம்பரிலே நெல்லையில், பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர் மாண்டனர். கூரையிலே பாடம் கற்றோம். சுவரைப் பார்க்க மறந்தோம்.

நானும் ஆசிரியன். விரிசல் விட்ட சுவரைக் கண்டும், "மேலிடம் பார்த்துக்கொள்ளும்" என்று நான் நகர்ந்தால், அது அறியாமையாகாது, குற்றம்.

ஆண்டவனை மறுத்துவிட்டு அலட்சியத்தை வணங்குவதா பகுத்தறிவு? சுவரைத் தட்டிப் பாருங்கள், மின்கம்பியை நோக்குங்கள், அவசர வழி பூட்டிக் கிடக்கிறதா என்று கேளுங்கள். குறையை எழுதிக் கொடுங்கள். சீராகும்வரை ஓயாதீர்கள். பிணத்தின் முன் சிந்தும் கண்ணீரினும், பிள்ளை உயிரோடிருக்கையில் எழுப்பும் கேள்வியே பெரிது!