இருமலை மறைத்துச் செய்யும் வேலை

தண்டையார்பேட்டையில் காசநோய்க்கு அரசு கொடுக்கும் மாத்திரைக்குக் காசு கிடையாது. சளிப் பரிசோதனைக்கும் கிடையாது. முதல்நிலை மருந்துக்குக் கட்டுப்படும் நோயென்றால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் குணமாகிவிடும். ஆனாலும் லேத் பட்டறையிலும் குடோனிலும் கன்டெய்னர் யார்டிலும் உழைக்கிறவர்கள் வாரக்கணக்கில் இருமிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். கிருமிக்கு முன்னால் அவர்களை மிரட்டுவது வேறொன்று: "டி.பி.ன்னு தெரிஞ்சா நாளைலேர்ந்து வராதன்னுடுவாங்க." தினக்கூலிக்காரருக்கு நின்றுபோகும் கூலி, அன்றே நின்றுபோகும் சாப்பாடு. இந்த நோயில் சாகிறவர்களில் பலர் உடல் மெலிந்து, சத்தின்றி வந்து சேர்ந்தவர்கள். அதனால்தான் தமிழக அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயைக் கண்டுபிடித்த உடனேயே எடையையும் மூச்சையும் பார்த்து, மோசமான நிலையில் இருப்பவரை வார்டில் சேர்க்கச் சொல்கிறது.

நோயாளியை விலக்கி வைத்தால்தான் மற்றவர் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கை பழையது. 1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கிய காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. கிருமியைக் கொல்லும் மருந்து அப்போது இல்லை. மருந்து வந்தபின் அந்த நம்பிக்கையை உலகிலேயே முதன்முதலாகக் கண்டிப்பாகச் சோதித்துப் பார்த்த ஊர் சென்னைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாநில அரசு நான்கும் சேர்ந்து 1956இல் இங்கே ஓர் ஆய்வு மையம் அமைத்தன. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் பாக்ஸ் தலைமையில் நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். மறுபாதி தங்கள் நெரிசலான வீட்டிலேயே. இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் இல்லை, ஓய்வும் குறைவு. 1959இல் முடிவு வெளியானபோது குணமானவர்களின் விகிதம் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. வீட்டு நோயாளியோடு வாழ்ந்தவர்களுக்கு அதனால் நோய் கூடிவிடவும் இல்லை. உலகம் சானடோரியங்களை மூடத் தொடங்கியதற்கு இந்த ஆய்வும் ஒரு பெரிய காரணம்.

ஒரே அறையில் படுத்துறங்கும் பிள்ளைகளுக்கே ஆபத்து கூடவில்லை என்றால், மருந்து தொடங்கிச் சில வாரம் கழித்து மருத்துவர் சான்றோடு வேலைக்குத் திரும்புகிறவரைக் கண்டு மெஷின் பக்கத்தில் நிற்கிறவர் ஏன் அஞ்ச வேண்டும்? சரியான மருந்து உள்ளே போனதும் தொற்றும் தன்மை வேகமாகக் குறைகிறது. நோய் அதிகம் பரவுவது அதற்கு முன்னால், யாருக்கும் தெரியாத நாட்களில். ஒருவரை வேலையைவிட்டு நிறுத்தினால் மிச்சமிருப்பவர்களில் அடுத்து இருமுகிறவர் வாயைத் திறக்கமாட்டார். அந்த ஷெட்டில் அவர் இன்னும் எத்தனையோ ஷிப்ட் நிற்பார். என் கருத்தில், வேலைக்கு உத்தரவாதம் தருவது தொழிலாளிக்குக் காட்டும் கருணை என்பதைவிட, தொற்றைத் தடுக்கும் முதல் வேலை.

பல இடங்களில் நோயாளியின் டம்ளரைத் தனியே வைக்கிறார்கள். காசநோய் டம்ளர் வழியாகப் பரவுவதில்லை. மூடிய அறைக் காற்றில் மிதந்து பரவுகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒரு தொழிலாளிக்கு 14.2 கன மீட்டர் இடம் கேட்டது. காற்றோட்டத்தையும் தனிப் பிரிவில் கட்டாயமாக்கியது. பத்துப் பேருக்கும் குறைவாக வைத்து நடத்தும் பட்டறைகளை அந்தச் சட்டம் எட்டவே இல்லை. வடமாநிலத்துப் பிள்ளைகள் ஷிப்ட் மாற்றி மாற்றிப் படுக்கும் வாடகை அறைகளையும் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் பதிவானவருக்குப் பாதுகாப்பு உண்டு. நோய்க்காலச் சலுகை 91 நாள். காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், தகுதி இருந்தால் அதற்குப் பிறகும் கூலியில் 80 சதவீதம், இரண்டாண்டு வரை. 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு, அந்தச் சலுகை பெறும் காலத்தில் ஆளை நீக்கக் கூடாது என்றது. ஆனால் 91 நாளுக்குப் பிறகான சலுகைக்கு இரண்டாண்டுத் தொடர்ச்சியான வேலையும் 156 நாள் சந்தாவும் காட்ட வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் சந்தா விட்டுப்போகிறவர் இதை எங்கே போய்க் காட்டுவார்? எச்.ஐ.வி. உள்ளவரை அதற்காக வேலைநீக்கம் செய்யக் கூடாதென்று 2017இல் தனிச் சட்டம் வந்தது. காசநோயாளிக்கு அப்படியொரு சட்டம் இல்லை. 2019இல் தொழிலாளர் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து பணியிடங்களுக்கென்று ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டன. அது முதலாளியின் மனத்தை நம்பி நிற்கிறது.

முதலாளி செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைச் சம்பளம் பிடிக்காமல் பரிசோதனைக்கு அனுப்புவது, நோயின் பெயர் சூப்பர்வைசர் வாயில் அடிபடாமல் பார்ப்பது, ஆரம்ப வாரங்களுக்குக் கூலியோடு விடுப்பு, திரும்பி வந்ததும் அதே வேலை, கூட வேலை பார்த்தவர்களுக்கும் பரிசோதனை. ஊருக்குப் போகிறேன் என்கிற தொழிலாளியிடம் அரசின் காசநோய்ப் பதிவேட்டில் அவருக்குள்ள நிக்ஷய் எண்ணைக் கையில் கொடுத்தால், பாதியில் விட்ட மருந்து அங்கே தொடரும்.

கான்ட்ராக்டரின் ஆட்கள் எங்கள் ஆட்களல்ல என்ற பதில் செல்லாது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் முதன்மை முதலாளியே முதலில் சந்தா கட்ட வேண்டும், பிறகு அதைக் கான்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளலாம் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 40, 41ஆம் பிரிவுகள் கூறின. தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை கேட் வைத்த ஒவ்வொரு கம்பெனியிலும் தினமும் உள்ளே வருகிறவர்களின் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. அதே பெயர்கள் இ.எஸ்.ஐ. கணக்கிலும் இருக்கின்றனவா என்று இந்த மாதமே சரிபார்க்கலாம்.