மஃரிப் இல்லாத பட்டினி



மாடம்பாக்கத்தில் ஓர் அன்பர் இல்லத்தில் பெண்களுக்கான பயான் முடிந்து துஆவும் ஓதியாயிற்று. எல்லோரும் கலைந்து சென்ற பின், திரைக்கு அப்பாலிருந்து ஒரு தாயின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"ஹஜ்ரத், எம் மகளுக்கு ஒரு தடவை ஓதிப் பாக்கணும்."

"என்னம்மா விஷயம்?" என்றேன்.

"கலகலன்னு இருந்த பிள்ளை ஹஜ்ரத். இப்ப எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறா. ராத்திரி தூக்கமே இல்லை. காரணமில்லாம அழறா. தம்பி ஏதோ கேலி பண்ணுனான்னு தட்டைத் தூக்கி எறிஞ்சுட்டா. கண்ணேறா, இல்லே வேற ஏதாச்சுமான்னு பயமா இருக்கு. ஒரு தாவீஸாவது எழுதிக் குடுங்க."

"பிள்ளை என்னம்மா சாப்பிடுது?" என்று கேட்டேன். அந்தத் தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், "பொண்ணு கொஞ்சம் பூசினாப்போல இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அன்றிலிருந்து சோறு கிடையாது. காலையில் சர்க்கரையில்லாத தேநீர், நண்பகலில் வெள்ளரிக்காய், இரவில் பாதி ஆப்பிள். எல்லாம் கைப்பேசியில் யாரோ சொன்ன 'டயட்'. அத்துடன் திங்களும் வியாழனும் நோன்பு. அதற்கும் ஸஹர் கிடையாது. "நோன்பை மட்டும் விடவே மாட்டா ஹஜ்ரத்" என்று தாய் பெருமையாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாலு மாசமா ஹைளும் வரலை. 'நல்லதுதானேம்மா, ஒரு வக்தும் விடாமத் தொழலாம்'னு சொல்றா" என்றார்.

அப்போது அந்த வீட்டம்மாள் இருவருக்கும் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். "எனக்குப் பசிக்கலை" என்றது மகளின் குரல். "எனக்கும் வேணாம், இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றது தாயின் குரல். காலையிலிருந்து எதுவுமே சாப்பிடவில்லை என்பதைச் சிறிது நேரத்துக்கு முன்புதான் அவரே வாய்தவறிச் சொல்லியிருந்தார்.

எனக்கு உடனே அஸ்மா பின்த் யஸீத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் நினைவுக்கு வந்தது. இப்னு மாஜாவில் பதிவாகியுள்ள செய்தி அது. பெருமானார் (ஸல்) அவர்களிடம் உணவு கொண்டுவரப்படுகிறது. அதை அங்கிருந்த பெண்களுக்கு அளிக்கிறார்கள். பெண்களோ கூச்சத்தால், எங்களுக்கு விருப்பமில்லை என்கிறார்கள். பசியோடு பொய்யையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்று அண்ணலார் அன்போடு கண்டிக்கிறார்கள்.

சகோதரிகளே! இந்த அறிவுரை பெண்களுக்குச் சொல்லப்பட்டது என்பதைக் கவனியுங்கள். பசியை மறைப்பதில் நம் வீட்டுப் பெண்களை மிஞ்ச ஆள் உண்டா? கணவர் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, சட்டியில் மிஞ்சியதைத் தின்று எழும் தாய் ஒருபுறம். மெலிய வேண்டுமென்று தட்டைத் தள்ளிவிடும் மகள் மறுபுறம். காரணம் வேறு, பொய் ஒன்றுதான்!

உடலுக்குள் நடப்பதென்ன?

பெண்ணின் மாதாந்தர ஒழுங்கு கருப்பையில் தொடங்குவதில்லை; மூளையில் தொடங்குகிறது. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்றொரு சிறு பகுதி உண்டு. அது விட்டுவிட்டு ஒரு சமிக்ஞையை அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு அனுப்புகிறது. பிட்யூட்டரி தன் ஹார்மோன்களைச் சினைப்பைக்கு அனுப்புகிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் சுரக்கிறது. இந்தச் சங்கிலி அறுபடாமல் ஓடினால்தான் மாதம் தவறாமல் ஹைளு வரும்.

உண்பது உடலின் தேவைக்கு மிகவும் குறையும்போது மூளை என்ன நினைக்கிறது? வீட்டில் அரிசி நிறைய இருப்பது அதற்குத் தெரியாது. பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னதும் தெரியாது. பஞ்சம் வந்துவிட்டது என்றே அது முடிவு செய்கிறது. பஞ்ச காலத்தில் ஒரு கருவைச் சுமக்கும் வலிமை இவளுக்கு இல்லை என்று அந்தச் சமிக்ஞையைக் குறைத்துவிடுகிறது. சினைப்பை ஓய்ந்துவிடுகிறது, ஹைளு தள்ளிப் போகிறது, பிறகு நின்றே விடுகிறது. உடலின் கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்னும் ஹார்மோன், 1994இல் கண்டறியப்பட்டது. கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குக் கணக்குச் சொல்வது அதுதான். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருந்த இளம் பெண்களின் உணவை ஐந்தே நாட்கள் கடுமையாகக் குறைத்துப் பார்த்தபோது, பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோனின் தாளம் தடுமாறியது தெரியவந்தது. ஐந்தே நாட்கள்!

அத்துடன் நின்றதா? தைராய்டு ஹார்மோன் தாழ்கிறது. அதனால் குளிர் தாங்காது, உடல் சோரும், மலம் கட்டும். நெருக்கடிக் காலத்துக்கான கார்ட்டிசோல் உயர்கிறது. தூக்கம் கெடும், மனம் பதறும். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு பலமிழக்கும். அதே ஈஸ்ட்ரோஜனுக்கு மூளையிலும் வேலை உண்டு. ஆகவே அது தாழும்போது மனநிலையும் ஆட்டம் காணுகிறது.

பசி மனிதனின் குணத்தையே மாற்றிவிடும் என்பதற்கு ஓர் ஆதாரம் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். உடலும் மனமும் திடமான 36 இளைஞர்கள் தாமே முன்வந்து ஆறு மாத காலம் அரைப்பட்டினி இருந்தார்கள். எடையில் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது. உடல் மெலிந்ததைவிட மனம் மெலிந்ததுதான் பெரிய செய்தி! அமைதியானவர்கள் எரிந்து விழுந்தார்கள்; கலகலப்பானவர்கள் ஒதுங்கினார்கள்; பலரைச் சோர்வும் துயரமும் பிடித்துக்கொண்டன. ஓயாமல் உணவைப் பற்றியே நினைத்தார்கள். அவர்கள் யாரையும் ஜின் பிடிக்கவில்லை. பசி பிடித்திருந்தது.

நோன்பு வேறு, இது வேறு

"நோன்பும் பட்டினிதானே ஹஜ்ரத்?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை, தாய்மார்களே! நோன்புக்கு ஸஹர் உண்டு. அதில் பரக்கத் இருப்பதாகப் பெருமானார் (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். நோன்புக்கு ஒரு மஃரிப் உண்டு. அந்த நேரம் வந்துவிட்டால் திறப்பதைத் தாமதிக்காமல் இருப்பதே சுன்னத். இரவிலும் உண்ணாமல் நாட்களைத் தொடர்ந்து நோற்கும் விஸால் நோன்பை, உம்மத்தின் மீது கொண்ட இரக்கத்தால் அண்ணலார் தடுத்துவிட்டார்கள். அழகுக்காக இருக்கும் பட்டினிக்கு ஸஹரும் இல்லை, மஃரிபும் இல்லை. திறக்கும் நேரமே இல்லாத நோன்பை அல்லாஹ் யார் மீதும் விதிக்கவில்லை!

ரமளானின் கடமையான நோன்பிலேயே எவ்வளவு சலுகை பாருங்கள்! நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்க அனுமதி. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சலுகை. ஹைளுடைய பெண்ணுக்கோ நோன்பே கூடாது. பிறகு களாச் செய்கிறாள். நோயாளிக்கும் பயணிக்கும் உள்ள சலுகையைச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 185ஆவது வசனம், அல்லாஹ் உங்களுக்கு எளிதையே நாடுகிறான், கஷ்டத்தை நாடவில்லை என்னும் கருத்தையும் சேர்த்தே சொல்கிறது. கடமையிலேயே இந்த இரக்கம் என்றால், கடமையில்லாத ஒன்றுக்காக உடலை வதைக்க நமக்கு யார் அனுமதி தந்தது?

ஹைளு நின்றதில் மகிழ்ந்த அந்தப் பிள்ளைக்கு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சரிதையை எடுத்துச் சொன்னேன். ஹஜ் பயணத்தில் மக்காவுக்கு அருகே ஸரிஃப் என்னுமிடத்தில் அன்னைக்கு ஹைளு வந்துவிட்டது. வணக்கம் தடைப்பட்டதே என்று அழுதார்கள். பெருமானார் (ஸல்) அதை இழிவாகப் பேசவில்லை; ஆதமின் பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்த விஷயம் இது என்று ஆறுதல் சொல்லி, தவாஃபைத் தவிர மற்ற ஹஜ் கிரியைகளைச் செய்யச் சொன்னார்கள். மகளே! அல்லாஹ் விதித்த ஒழுங்கு உன் உடலில் நின்றுபோனால் அது வணக்கத்துக்குக் கிடைத்த லாபமல்ல. அமானத்தில் விழுந்த கீறல். அந்த நாட்களில் தொழாமலிருப்பதும் அவன் கட்டளைக்குக் கீழ்ப்படிவதுதான் அல்லவா?

ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரத் தோழர் அபூதர்தா (ரலி) இல்லத்துக்கு வந்தபோது, அபூதர்தா பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்தார். நீங்கள் உண்ணாமல் நானும் உண்ணமாட்டேன் என்று ஸல்மான் அவரை உண்ணவைத்தார். இரவில் உறங்கவும் வைத்தார். இறைவனுக்கு உள்ளது போலவே உமது உயிருக்கும் உமது குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு என்றார். ஸல்மான் சொன்னது உண்மையே என்று பெருமானார் (ஸல்) ஏற்றதாக புகாரியில் காண்கிறோம். இறைவனுக்காகப் பட்டினி கிடந்தவருக்கே இந்தப் புத்திமதி என்றால், ஊரார் வாய்க்காகப் பட்டினி கிடப்பவருக்கு என்ன சொல்வது?

உணவும் ஆறுதலும்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் உறவில் ஒரு மரணம் நேர்ந்தால், வந்தவர்கள் கலைந்த பின், வீட்டுப் பெண்களுக்காகத் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சச் சொல்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளிக்கும், துயரத்தில் ஒரு பகுதியைப் போக்கும் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டிருப்பதாகவும் சொல்வார்கள். அழுகிறவளிடம் அழாதே என்று மட்டும் சொல்லாமல், அவள் கையில் கஞ்சிக் கிண்ணத்தைக் கொடுப்பதும் சுன்னத்தான வழி! அரிசியும் பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த நம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியும் அந்த இதத்தையே தருகிறது.

நம் தாம்பரத்துக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. 1928இல் டாக்டர் சௌரிமுத்து இங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கியபோது, காசத்தைக் கொல்லும் மருந்து உலகிலேயே இல்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு — இவைதாம் அன்றைய வைத்தியம்.

இன்றோ, 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதத்தினருக்கு. தமிழ்நாட்டுப் பெண்களிலும் பாதிக்கு மேல். மாதந்தோறும் ரத்தம் போவது ஒரு காரணம். அப்படி இழப்பவளின் தட்டில்தான் கூடுதலாக விழ வேண்டும். நாமோ அவளைக் கடைசியில் உட்கார வைக்கிறோம்.

அதே ஆய்வு, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுடையவர்கள் என்றும் சொல்கிறது. ஆகவே எடையைக் குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்கும் சினைப்பை நீர்க்கட்டிக்கும் டாக்டரே எடையைக் குறைக்கச் சொல்வார். உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்னும் கருத்துடைய அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆவது வசனம், உண்ணச் சொல்லிவிட்டுத்தான் அளவைச் சொல்கிறது. எண்ணெயும் இனிப்பும் குறையட்டும், நடை கூடட்டும், ஆனால் மூன்று வேளையும் தட்டில் ஏதேனும் இருக்கட்டும். முட்டை, பருப்பு, கீரை, நெத்திலி, மத்தி, நிலக்கடலை, பேரீத்தம்பழம் எல்லாம் எட்டாத பொருள்களா? சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பதை மட்டும் தள்ளிப்போடுங்கள்; உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது தடுக்கும்.

ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஹைளு மூன்று மாதம் நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள். மணமானவர் முதலில் கர்ப்பமா என்று பார்க்கட்டும். தைராய்டு, நீர்க்கட்டி போன்ற வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் உணவின் தலையில் போட முடியாது. மயக்கம், முடி கொட்டுதல், தாங்காத குளிர், தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை ஆகியவற்றையும் அலட்சியம் செய்யாதீர்கள். உண்ணவே பயந்து நடுங்கும் பிள்ளைக்கு மனநல மருத்துவரின் துணை தேவை, அதில் வெட்கமில்லை. துஆவும் கேளுங்கள், மருந்தும் எடுங்கள், இரண்டும் சுன்னத்.

ஆண்களுக்கும் ஒரு சொல். மனைவியின் உரிமை என்ன என்று ஒரு தோழர் கேட்டபோது, நீர் உண்ணும்போது அவளுக்கும் உணவளிப்பதை முதலில் சொன்னார்கள் நபியவர்கள். அவள் எரிந்து விழுந்தால் குணத்தைக் குறை சொல்வதற்கு முன், "நீ சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். பெண் பார்க்கப் போகிறவர்களே! நீங்கள் வீசிவிட்டு வரும் ஒரு சொல், ஒரு வீட்டின் அடுப்பை மாதக்கணக்கில் அணைத்துவிடுகிறது. அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுங்கள்!

அன்று அந்தப் பிள்ளைக்கு ஓதினேன். தாவீஸ் எழுதவில்லை, முதலில் ஒரு லேடி டாக்டரைப் பாருங்கள் என்றேன். சில மாதங்கள் கழித்துத் தாய் சொல்லியனுப்பினார்: டாக்டர் ரத்தம் குறைவு என்றும் உணவுக் குறைவுதான் காரணம் என்றும் சொன்னாராம். சோறு மெல்ல மெல்லத் திரும்பியது. அதன் பிறகு ஒருநாள் ஹைளும் திரும்பியது. எரிச்சல் முழுதும் போகவில்லை; ஆனால் தம்பியோடு மறுபடி சிரிக்கிறாள். "இப்பல்லாம் ராத்திரி அவளோட நானும் சேர்ந்து உக்காந்துதான் சாப்பிடுறேன் ஹஜ்ரத். பசிக்கலைன்னு சொன்னா அவ விட மாட்டேங்குறா."

நம் வீடுகளில் எந்தப் பெண்ணும் பசியோடு பொய்யைச் சேர்க்காமலிருக்க, நம் உடல்களை அவன் தந்த அமானத்தாகப் பேண, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!