முதலில் எது, யாருக்கு

சென்னையில் கூவம் கரையோரம் நடைபாதையும் சைக்கிள் பாதையும் பூங்காக்களும் வரும் என்ற அறிவிப்புக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. 604.77 கோடி ரூபாய் மதிப்பிலான கூவம் சீரமைப்புத் திட்டத்துக்கு 2015இல் அரசு ஒப்புதல் தந்தது. சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஒருங்கிணைக்க, மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் பொதுப்பணித் துறையும் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டன. சில இடங்களில் வேலி போட்டு மரக்கன்று நட்டார்கள். துண்டு துண்டாகப் பாதையும் போட்டார்கள். ஆனால் ஊர் மக்கள் மாலையில் காலாற நடந்துபோகும்படி தொடர்ந்து நீளும் கரை இன்னும் வாய்க்கவில்லை. இதைப் பற்றிய விவாதம் ஒவ்வொரு தேர்தலிலும் ஒரே தடத்தில் ஓடுகிறது. ஏன் இத்தனை தாமதம், யார் பொறுப்பு, எந்த ஆட்சியில் நின்றது, எந்த ஆட்சியில் நகர்ந்தது. நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு அடியில் கிடக்கும் இன்னொரு கேள்வியைக் கேட்காமல் எந்தத் தலைமையையும் எடைபோட முடியாது என்பது என் எண்ணம். தாமதம் தன்னளவிலேயே குற்றமா? குற்றம் என்றால், யாருக்கு இழைக்கப்பட்ட குற்றம்?

வள்ளுவர் வினைசெயல்வகை அதிகாரத்தில் இதற்கு ஒரு பிடி கொடுக்கிறார். ஆற அமரச் செய்ய வேண்டிய வேலையை அப்படித்தான் செய்ய வேண்டும். உடனே செய்ய வேண்டியதில் சுணங்கவே கூடாது என்பது அங்கே அவர் சொல்வதன் சாரம். அந்த அதிகாரம் அமைச்சியலில் இருக்கிறது, அதாவது ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர்களை நோக்கிச் சொன்னது. வேகமாகச் செய் என்றோ பொறுமையாகச் செய் என்றோ அவர் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. எது எந்த வகை என்று பிரித்தறியும் பொறுப்பை ஆள்பவர் தலையில் வைக்கிறார். பணமும் ஆளும் நாளும் அளவோடுதான் இருக்கின்றன; ஒன்றைக் கையில் எடுத்தால் இன்னொன்று காத்திருக்கத்தான் செய்யும். ஆகவே ஒரு நகரத்தை ஆள்வதில் பெரும்பகுதி, காத்திருப்பைப் பங்கிடும் வேலை. பணத்தைப் பங்கிடுவதில் நீதியும் அநீதியும் உண்டு என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். காத்திருப்பைப் பங்கிடுவதிலும் உண்டு. ஒரு தலைமையின் அறத்தை அது எவ்வளவு தாமதித்தது என்பதைவிட, யாரைக் காக்க வைத்தது, யாரை அவசரப்படுத்தியது என்பதே அதிகம் காட்டிக்கொடுக்கிறது.

கூவம் திட்டத்தில் தாமதமானவற்றையும் தாமதமாகாதவற்றையும் தனித்தனியே வைத்துப் பார்க்கலாம். ஆற்றில் விழும் கழிவுநீரை மறிக்கும் வேலை இழுத்துக்கொண்டே போகிறது. நடைபாதை இழுத்துக்கொண்டே போகிறது. கரையில் குடியிருந்தவர்களை அகற்றும் வேலைதான் இவற்றுக்கெல்லாம் முந்திக்கொண்டு நடந்தது. 14,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை அகற்ற வேண்டும் என்று கணக்கெடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் பெரும்பாக்கம் போன்ற தொலைவான அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். தீவுத்திடலை ஒட்டிய சத்தியவாணிமுத்து நகரில் 2019 டிசம்பர் இறுதியில் வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். கல்வியாண்டின் நட்டநடு. பிள்ளைகளின் படிப்பு முடியும்வரையாவது பொறுங்கள் என்று அந்த மக்கள் கேட்டார்கள். ஐம்பது ஆண்டுகளாகச் சாக்கடையாகக் கிடந்த ஆறு நான்கு மாதம் பொறுக்காதா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இருக்க முடியாது. வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணின் நாளை எண்ணிப் பாருங்கள். சிந்தாதிரிப்பேட்டைக் கரையில் இருந்தபோது நடந்தே போய்வந்த வீட்டுக்கு, பெரும்பாக்கத்திலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் பஸ்ஸில் வர வேண்டும். ஆறரைக்கு அந்த வீட்டில் பாத்திரம் துலக்க உட்கார வேண்டுமானால் ஐந்து மணிக்கு முன்பே நிறுத்தத்தில் நிற்க வேண்டும். பிள்ளைகள் எழுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மையான ஆறுதல். ஆனால் போக வர ஆகும் மூன்று மணி நேரத்தை அவளுக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. நடைபாதைக்காகக் காத்திருப்பவர் தன் ஓய்வில் ஒரு பங்குக்காகக் காத்திருக்கிறார். இவள் காத்திருப்பது தன் பிழைப்புக்காக, அதுவும் நாள் தவறாமல்.

நடைபாதை வந்துவிட்டால் ஆறு மீண்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அகமதாபாத்தைப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது. சபர்மதி ஆற்றங்கரைத் திட்டத்துக்காக 1997இல் தனி நிறுவனம் அமைத்தார்கள்; 2005இல் வேலை தொடங்கியது; 2012இல் கீழ்க்கரை நடைபாதை மக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கேயும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. அது தொடர்பான வழக்கு குஜராத் உயர் நீதிமன்றம் வரை போனது. நகரத்துக்குள் ஆறு நிறைந்து தெரிவதற்குக் காரணம் நர்மதைக் கால்வாயின் நீர். இப்போது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நீரில் உள்ள அழுக்கை மக்க வைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்ற அளவை வைத்து அது ஆறுகளைத் தரம் பிரிக்கிறது. குளிக்கத் தகுந்த நீரில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. நாட்டிலேயே மிக மோசமான அளவு கூவத்தில், ஆவடிக்கும் சத்யா நகருக்கும் இடையே: 345. அதற்கு அடுத்தது சபர்மதி, ராய்சணிலிருந்து வௌதா வரை: 292. நடைபாதை தாமதமான ஆறும், நடைபாதை நேரத்துக்கு வந்த ஆறும் ஒரே பட்டியலில் முதலிரண்டு இடங்களில் நிற்கின்றன. கரையில் போட்ட கல்லுக்கும் நீருக்குள் நடப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அகமதாபாத்தில் தலைமை சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. அந்தச் சுறுசுறுப்பு எதை முதலில் எடுத்தது என்பதில்தான் கோளாறு.

எதை முதலில் செய்வது என்ற வரிசையை ஒரு நிர்வாக விஷயமாக மட்டும் நினைக்கிறோம். அதைச் சமயமாகவே வாழ்ந்து காட்டியவர் நம்மிடையே உண்டு. வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867இல். சத்திய ஞானசபை வழிபாட்டுக்கு வந்தது 1872இல். முதலில் அடுப்பு, பிறகு கோயில். ஜோதி வடிவில் இறைவனைக் காட்ட விரும்பிய ஒருவர் அதற்குமுன் ஐந்தாண்டுகள் பசித்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார் என்றால், அது தற்செயலாக அமைந்த வரிசை அல்ல. அவர் போதித்ததே அதுதான். சபையை அவர் தாமதப்படுத்தினார் என்று யாரும் சொல்வதில்லை. சோறு காத்திருக்க முடியாது, சபை காத்திருக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நூறாண்டு கழித்து, 1970இல், தமிழக அரசு குடிசை மாற்று வாரியத்தை அமைத்தபோது, ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பது என்ற அண்ணாவின் கருத்தையே அதற்கு வழிகாட்டும் வாசகமாக வைத்துக்கொண்டது. அரசு அலுவலகம் ஒன்றின் முகப்பில் இறையியல் இருந்த அரிய தருணம் அது. அந்தத் தொடக்க காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. 2000க்குப் பிறகு கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் வந்தன. வாரியத்தின் பெயர் 2021இல் மாறியது. பெயர் மாறியதில் எனக்கு வருத்தம் இல்லை. தொலைவு மாறியதில்தான் வருத்தம்.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவதில் மிக வலுவானது வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் நடந்ததைப் பார்த்தவர்கள், கரையில் மக்களை இருக்க விடுவது கருணை அல்ல, ஆபத்து என்பார்கள். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆற்றின் ஓட்டப் பாதையில் யாரும் வீடு கட்டி வாழக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் உயிர்க் காப்பு என்பது எல்லோருக்கும் ஒரே அளவுகோலாக இருந்தால்தான் அது அறம். பறக்கும் ரயிலின் தூண்களைப் பக்கிங்காம் கால்வாய்க்குள் நட்டது அரசின் திட்டம். சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே நீள்கிறது. இவற்றை ஆக்கிரமிப்பு என்று யாரும் சொல்வதில்லை. அதைவிட முக்கியமானது, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி மக்களை அனுப்பிய செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். 2015 மழையில் அவையும் மூழ்கின. ஆற்றங்கரையிலிருந்து சதுப்பின் ஓரத்துக்கு ஒரு குடும்பத்தை மாற்றிவிட்டு, அதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

சிங்கப்பூரைச் சுட்டுபவர்களும் உண்டு. அங்கே ஆற்றைத் தூய்மைப்படுத்தப் பத்தாண்டு கெடு என்று லீ குவான் யூ 1977இல் அறிவித்தார். 1987இல் முடித்தும் காட்டினார்கள். உறுதியான தலைமை இருந்தால் முடியும், நம்மிடம் அது இல்லை என்பது வாதம். அந்தப் பத்தாண்டுகளில் நடந்தவற்றின் வரிசையைக் கவனிக்க வேண்டும். பன்றிப் பண்ணைகளையும் வாத்துப் பண்ணைகளையும் நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து அகற்றினார்கள், கழிவுநீர்க் குழாய்களைப் பதித்தார்கள், சுமார் 26,000 குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள், தெருவோர வியாபாரிகளுக்குக் கூரையும் தண்ணீரும் உள்ள உணவு மையங்களைக் கட்டினார்கள். கரையை உலாவும் இடமாக்கியது பெரும்பாலும் இவற்றுக்குப் பின்னால்தான். அங்கும் பண்ணைக்காரர்களும் சரக்குப் படகுக்காரர்களும் பழைய பிழைப்பை இழந்தார்கள். அந்த வலியை மறைக்கத் தேவையில்லை. ஆனால் சிங்கப்பூரின் வேகத்தைப் பாராட்டும் நாம், அதன் வரிசையைத் திருப்பிப் போட்டுப் பின்பற்றுகிறோம்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆட்சி மாறும் ஜனநாயகத்தில் இதெல்லாம் நடக்கும் காரியமா என்ற சலிப்பும் ஒரு வாதமாகவே வருகிறது. மதுரவாயல்–துறைமுகம் பறக்கும் சாலை அதற்குக் கண்ணெதிரே நிற்கும் உதாரணம். 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். தூண்கள் கூவத்தின் ஓட்டத்தைத் தடுக்கும் என்று 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. பத்தாண்டுகள் அந்தத் தூண்கள் பாலத்தைத் தாங்காமல் ஆற்றுக்குள் நின்றன. 2022 மே மாதம் ஈரடுக்குச் சாலையாக அதே திட்டத்துக்கு மறுபடி அடிக்கல். எந்த முடிவு சரி என்று பொறியாளர்கள் வாதிடட்டும். முதல் திட்டத்துக்காகவும் குடும்பங்கள் வீடிழந்தன. சாலையே வராத அந்தப் பத்தாண்டுகளில் அவர்கள் இழந்ததற்கு எந்த ஆட்சியும் தன்னைப் பொறுப்பாக நினைக்கவில்லை. முந்தைய ஆட்சியின் கடனைப் புதிய ஆட்சி மறுப்பதில்லை. உலக வங்கிக்குக் கட்ட வேண்டிய தவணை யார் முதல்வரானாலும் கட்டப்படுகிறது. ஏழைகளுக்குக் கொடுத்த வாக்கும் அப்படி நாற்காலியோடு சேர்ந்த கடன்தான், அதில் உட்கார்ந்த ஆளோடு போய்விடுவதில்லை. ஆட்சி மாற்றத்தால் தாமதம் என்பது விளக்கமாகலாம், மன்னிப்பாகாது.

கடைசியாக ஒன்று. நடைபாதை பணக்காரர்களின் ஆசை அல்ல, திறந்த வெளி அதிகம் தேவைப்படுவது பத்துக்குப் பத்து வீட்டில் வாழும் ஏழைக்குத்தான் என்பார்கள். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். சென்னையில் காசு கொடுக்காமல் உட்கார இடம் கடற்கரையை விட்டால் குறைவு. ஆற்றங்கரை எல்லோருக்கும் திறக்க வேண்டும். ஆனால் எந்த ஏழைக்கு? கரையில் வாழ்ந்தவரை 25 கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டுப் போடும் பாதையில் அவர் எப்போது வந்து நடப்பார்? அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் முன்வைத்த சோதனை இங்கே நேராகப் பொருந்துகிறது. நாளை நாம் நடக்க வருபவராக இருப்போமா, அகற்றப்படுபவராக இருப்போமா என்று தெரியாத நிலையில் இந்தத் திட்டத்தின் வரிசையை நாமே எழுத வேண்டியிருந்தால், எதை முதலில் எழுதுவோம்? ஆற்றில் விழும் கழிவுநீரை முதலில் மறிப்போம். வேலையும் பள்ளியும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் வீட்டைக் கட்டிச் சாவியைக் கையில் கொடுத்த பிறகே பழைய வீட்டில் கை வைப்போம். கல்வியாண்டு முடியக் காத்திருப்போம். பெரும்பாக்கத்துக்கு ஏற்கனவே போய்விட்டவர்களுக்குப் பஸ்ஸும் மருத்துவமனையும் வேலையும் அங்கேயே கிடைக்கச் செய்வோம். மாமன்றத்தில் அடுத்தமுறை கூவம் நடைபாதை ஏன் தாமதம் என்று கேள்வி எழும்போது, இந்த நான்கில் எது எங்கே நிற்கிறது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்கான பதிலை நிதிநிலை அறிக்கையில் நடைபாதைக்கு முந்திய வரிகளில் எழுதச் சொல்ல வேண்டும்.