தெரியாத எண்

இங்கிலாந்தில் ஒரு சிறு கூட்டம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய லாரிகளையும் பீரங்கி இழுக்கும் வண்டிகளையும் பண்ணைக் கொட்டகைகளிலும் பழைய இரும்புக் கிடங்குகளிலும் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, இன்ஜினை ஓடவைத்து, போர்க்காலத்தில் இருந்தபடியே மறுபடி நிறுத்துவது இவர்கள் வேலை. பெரும்பாலோர்க்கு இதில் பணம் வருவதில்லை, போகிறது. வேலையற்றவர்கள் என்று ஒரே வார்த்தையில் இவர்களை ஒதுக்கிவிடலாம். ஆனால் இருநூறு பிரதி அச்சிட்டு அதில் பாதியை நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பும் நமக்கு அந்த வார்த்தையைச் சொல்ல யோக்யதை இல்லை. தவிர, இவர்கள் வேலையின் நடுவில் ஒரு அறப் பிரச்னை இருக்கிறது. இந்த வண்டிகள் பற்றிய புத்தகங்களையும் புகைப்படங்களையும் சில ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு, அது அவர்களுடைய பிரச்னை மட்டுமல்ல என்று தோன்றுகிறது.

பிரச்னை இதுதான். பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு எண் இருந்தது. வண்டியின் வகையைக் குறிக்கும் ஆங்கில எழுத்து முதலில் வரும். பெரிய லாரிக்கு 'எல்', சிறிய டிரக்குக்கு 'இசட்', மோட்டார் சைக்கிளுக்கு 'சி', பீரங்கி இழுக்கும் டிராக்டருக்கு 'எச்'. அதன் பின் இலக்கங்கள். பானட்டின் பக்கவாட்டிலோ கதவிலோ வெள்ளையில் எழுதியிருக்கும். இந்த எண் கிடைத்துவிட்டால் வண்டி எந்த ஒப்பந்தத்தில் செய்யப்பட்டது என்பதிலிருந்து தொடங்கி அதன் சரித்திரத்தைத் தேடிப்போகலாம். கிடைக்கவில்லையென்றால்? வேலை எல்லாம் முடிந்து வண்டி நிற்கிறது. அந்த இடம் காலியாக இருக்கிறது. அங்கே எதை எழுதுவது?

வண்டிகள் எப்படிப்பட்டவை என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மாரிஸ் கமர்ஷியல் கம்பெனி 1939 முதல் செய்த 'க்வாட்' என்பது இவற்றில் பிரசித்தமானது. வண்டு மாதிரி முதுகு சரிந்த உருவம். விஷவாயு படிந்தால் கழுவ வசதியாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்ததாகச் சொல்வார்கள். நான்கு சக்கரங்களுக்கும் விசை, 70 குதிரைத்திறன், ஒரு வின்ச். பின்னால் குண்டுப் பெட்டி வண்டி, அதன் பின்னால் சுமார் 1.8 டன் எடையுள்ள 25 பவுண்டர் பீரங்கி. பீரங்கியை இயக்கும் ஆறு பேரும் உள்ளே. இதைவிடப் பெரியது லண்டனை அடுத்த சவுத்தாலில் ஏ.இ.ஸி. கம்பெனி செய்த 'மேட்டடார்'. டீசல் இன்ஜின், 95 குதிரைத்திறன். 6 டன்னை நெருங்கும் 5.5 அங்குலப் பீரங்கியை இழுத்தது. 9,000க்கும் மேல் செய்தார்கள்.

இந்த வண்டிகளை அழகுக்காக யாரும் செய்யவில்லை. அவை நீடிக்கவேண்டும் என்றும் யாரும் நினைக்கவில்லை. 1940ல் பிரான்சிலிருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோது ஏறக்குறைய 64,000 வாகனங்களையும் 2,500க்குச் சற்றுக் குறைந்த பீரங்கிகளையும் விட்டுவிட்டு வந்தது. டன்கர்க் பக்கம் வந்த டிரைவர்களுக்குத் தங்கள் வண்டியைத் தாங்களே கொல்லும்படி உத்தரவு. ஆயிலையும் தண்ணீரையும் வடித்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, அது இறுகிப்போய் நிற்கும்வரை பக்கத்தில் நிற்கவேண்டும். சில லாரிகளைக் கடலுக்குள் வரிசையாக ஓட்டிச் சென்று, மேலே பலகை போட்டு, ஆட்கள் படகேற நடைபாலமாக்கினார்கள். ஒரு லாரியின் மிக உயர்ந்த உபயோகம் அதுவாகவே இருந்திருக்கலாம். அந்த லாரியை யாரும் புனருத்தாரணம் செய்ய முடியாது.

மிஞ்சிய வண்டியில் எண்ணைத் தேடுவது எப்படி? எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து, வண்ணத்தை அடுக்கடுக்காகத் தேய்க்கிறார்கள். மேலே கடைசியாக வைத்திருந்த விவசாயியோ மரக்காரரோ அடித்த வண்ணம். அதற்குக் கீழே, போருக்குப் பிந்தைய ராணுவத்தின் பளபளக்கும் கரும்பச்சை. அதற்கும் கீழே 1944 ஏப்ரலில் உத்தரவான ஆலிவ் நிறம். அதற்கும் கீழே, பச்சைக்கு வேண்டிய குரோமியம் ஆக்ஸைடு தட்டுப்பாடான காலத்துப் பழுப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் போரின் ஆரம்பத்துக் காக்கிப் பச்சை. இவற்றுக்கு நடுவே எங்கோ வெள்ளையாக ஒரு இலக்கத்தின் வளைவு தெரியும். மேல் பாதி சிவப்பும் கீழ்ப் பாதி நீலமுமான ஒரு சதுரம் தெரிந்தால் வண்டி பீரங்கிப் படையில் இருந்தது என்று அர்த்தம். ஒரு இலக்கம் 3 ஆ 8 ஆ என்று தெரியாமல் நாள் கணக்கில் தேய்ப்பார்கள். ஏட்டுச்சுவடி பார்த்தவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும்.

ஆனால் ஒரு வித்தியாசம். ஏட்டைப் படித்தால் ஏடு அப்படியே இருக்கிறது. இங்கே படிப்பது என்பதே அழிப்பது. கீழ் அடுக்கு வேண்டுமென்றால் மேல் அடுக்கைத் தியாகம் செய்யவேண்டும். மேட்டடார் வண்டிகள் பல, போர் முடிந்து விற்கப்பட்ட பின் காடுகளில் மரம் இழுத்தன; பழுதான பஸ்களைத் தூக்கிவந்தன; திருவிழா ராட்டினங்களை ஊர் ஊராகக் கொண்டுபோயின. ராணுவத்தில் இருந்தது ஐந்தாறு வருஷம் என்றால் காட்டில் இருந்தது இருபது, முப்பது வருஷம். மரக்காரர் பொருத்திய கிரேனை அறுத்தெறிந்து, அவர் வெட்டிச் சிறிதாக்கிய பின்கட்டைப் புதிதாகச் செய்து, 1944க்குத் திரும்பும்போது, ஒரு முழு வாழ்க்கையைப் பாடபேதம் என்று தள்ளிவிடுகிறோம். பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம் என்கிறவர், பழைய நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்வதில்லை. அவர் தேர்ந்தெடுத்தது பீரங்கி இருந்த நிலையை. மரம் இழுத்த உழைப்பைவிட மனிதர்களைக் கொல்லப் போனது நினைவுகூரத் தகுந்தது என்ற மதிப்பீடு அதில் ஒளிந்திருக்கிறது.

புனருத்தாரணமே பொய் என்ற கட்சி பழையது. ரஸ்கின் 1849ல் கட்டடங்களைப் பற்றி அப்படித்தான் சொன்னார். அவரைப் பின்பற்றி கவி வில்லியம் மாரிஸ் 1877ல் பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பவர்களிடமிருந்து காப்பாற்ற ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதே 1877ல் பிறந்த இன்னொரு வில்லியம் மாரிஸ்தான் பின்னாளில் மாரிஸ் மோட்டார் கம்பெனியை உண்டாக்கியவர். முன்னவர் கட்சிப்படி பார்த்தால் பின்னவர் கம்பெனியின் வண்டியைத் துருப்பிடிக்க விட்டுவிடுவதே நேர்மை. இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. லிபியப் பாலைவனத்தில் கைவிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்து மீட்கப்பட்ட ஒரு ஷெவர்லே லாரியை லண்டன் இம்பீரியல் வார் ம்யூசியம் துருவும் ஓட்டையுமாக, கண்டெடுத்த கோலத்திலேயே காட்சிக்கு வைத்தது. அதன் முன் பொய் எதுவும் இல்லை.

ஆனாலும் நான் ரஸ்கின் கட்சியில் முழுக்கச் சேர முடியவில்லை. இடிந்த கோபுரம் இடிந்த பின்னும் கோபுரம்தான். ஓடாத இன்ஜின் இன்ஜின் அல்ல. இன்ஜினின் வடிவத்தில் உள்ள இரும்பு. வண்டி ஓடினால்தான் அதை ஓட்டும் அறிவும் உயிரோடு இருக்கும். கியர் மாற்ற இருமுறை கிளட்ச் மிதிக்கவேண்டும் என்பதும், விட்வொர்த் ஸ்பானரின் மேல் உள்ள அளவு நட்டின் தலை அளவல்ல, போல்ட்டின் தண்டு அளவு என்பதும் புத்தகத்தில் இருக்கலாம். கையில் இருப்பது வேறு. இந்த வண்டிகளில் சிலவற்றின் சக்கரம் இரண்டு பாதிகளாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தது. டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் வெடித்துப் பிரிந்து ஆளைக் கொல்லும். அதனால் அந்த நட்டுகளுக்கு மட்டும் ராணுவம் சிவப்பு அடித்தது. புனருத்தாரணம் செய்பவரும் சிவப்பே அடிக்கிறார். அது அலங்காரம் அல்ல.

இங்கேதான் என் கேள்வி கூர்மையாகிறது. அந்தச் சிவப்பு பொய் சொன்னால் ஆள் சாவான். பானட்டின் மேல் உள்ள வெள்ளை எண் பொய் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்?

எண் கிடைக்காதவருக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, அந்தக் காலத்துக்குப் பொருந்தும்படி ஒரு எண்ணைக் கற்பித்துக்கொள்வது. இரண்டு, புகைப்படத்தில் தெளிவாகத் தெரியும் வேறொரு வண்டியின் எண்ணை எடுத்துக்கொள்வது. அந்த வண்டி நார்மண்டியில் கரையிறங்கிய வண்டியாக இருந்தால் இன்னும் விசேஷம். மூன்று, எதுவும் எழுதாமல் விடுவது. முதலாவது கற்பனை. இரண்டாவது திருட்டு. மூன்றாவது நேர்மை போலத் தோன்றும். ஆனால் எண்ணே இல்லாமல் ஒரு ராணுவ வண்டி போரில் ஓடியது என்று காட்டுவதும் ஒருவிதத்தில் பொய்தான்.

முதல் வழியை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ராணுவமே 1949ல் பழைய எண்களை அழித்து வேறு முறையில் எண் போட்டது. எண் என்பது கிளார்க் ஒருவர் வரிசைப்படி ஒதுக்கியது. அதில் என்ன ஆத்மா இருக்கிறது என்பது அவர்கள் வாதம். எண்ணுக்கு ஆத்மா இல்லை, சரி. ஆனால் எண்ணைத் தேடி ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர் அங்கே வேறொன்றைக் காண்கிறார்.

லண்டன் க்யூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. இரண்டாம் போரின் ஆவணங்களில் பெரும்பகுதி 1972ல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பீரங்கி ரெஜிமென்ட் அன்றன்று எங்கே இருந்தது, எப்போது நகர்ந்தது என்று அவற்றில் எழுதியிருக்கும். வண்டியின் எண் அநேகமாக இராது. மனிதர்கள் இருக்கிறார்கள், ஆனால் இரண்டு விதமாக. அதிகாரி காயம்பட்டால் பெயர் எழுதப்படும். சிப்பாயோ டிரைவரோ செத்தால் 'இதர படியினர் 2' என்பதோடு பெரும்பாலும் சரி. இரவில் விளக்கை மூடிக்கொண்டு, முன் வண்டியின் பின் அச்சில் வெள்ளையடித்து அதன் மேல் சிறு விளக்கு பொருத்திய அந்த ஒரு புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டு, விடிய விடிய ஓட்டியவன் 'இதர படியினர்'. அவர்கள் எல்லோரும் ஆங்கிலேயர்களும் அல்ல. கானடாவில் செய்த ஃபோர்டும் ஷெவர்லேயும் இந்தியப் படைப்பிரிவுகளோடு வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் ஓடின. போர் முடிந்தபோது இந்திய ராணுவத்தில் சேர்ந்திருந்தவர்கள் 25 லட்சம் பேர். ஊரில் கட்டைவண்டி ஓட்டியவன் அங்கே மூன்று டன் லாரி ஓட்டியிருக்கிறான்.

ஆக, போர் மனிதனை எண்ணாக்கியது. நாம் இப்போது ஒரு எண்ணை எடுத்து அதற்குப் பிறப்பு, பயணம், காயம், ஓய்வு எல்லாம் கொடுத்து மனிதனாக்கப் பார்க்கிறோம். இதில் உள்ள அபத்தம் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஆனால் புனருத்தாரணத்தையே கைவிட இது காரணமாகாது. எண்ணில் பொய் சொல்லக்கூடாது என்பதற்கே காரணமாகிறது. அந்த எண்ணுள்ள வண்டியில் யாரோ ஆறு பேர் போனார்கள். அவர்கள் பெயர் எந்தத் தாளிலும் இல்லாவிட்டாலும், அந்த எண் அவர்களைச் சுட்டக்கூடிய கடைசி விரல். அதை வேறொரு இரும்பின் மேல் எழுதினால் விரல் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. நஷ்டம் யாருக்கு என்றால், புகார் செய்ய முடியாதவர்களுக்கு.

இதற்கு ஒரு தீர்வு, அதே போர்களிலிருந்தே, ஏற்கனவே கிடைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். 1917ல் ஏற்பட்ட போர்க் கல்லறை ஆணையத்துக்கும் இதே பிரச்னை வந்தது. அடையாளம் தெரியாத உடல்களின் கல்லில் எதைப் பொறிப்பது? அவர்கள் பெயரைக் கற்பிக்கவில்லை; கல்லை வெறுமையாகவும் விடவில்லை. தெரிந்ததைப் பொறித்தார்கள். ரெஜிமென்ட் தெரிந்தால் ரெஜிமென்ட், பதவி தெரிந்தால் பதவி, ஒன்றுமே தெரியாவிட்டால் போரின் ஒரு சிப்பாய் என்று மட்டும். பெயரைக் கடவுள் அறிவார் என்ற பொருள்பட அடியில் ஒரு வரி. அந்த வரியைத் தேர்ந்தவர் கிப்ளிங். 1915ல் லூஸ் சண்டையில் காணாமல் போன அவர் மகனின் உடல், அவர் சாகும்வரை அடையாளம் காணப்படவில்லை. இந்தக் கௌரவமும் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரில் பல்லாயிரம் பேர் பெயரோடு நினைவுகூரப்படவில்லை என்று அந்த ஆணையமே 2021ல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஆனால் செய்த இடத்தில் அது சரியாகச் செய்யப்பட்டது. சிதைந்த புறநானூற்றுப் பாட்டில் போன சொற்களின் இடத்தில் புள்ளியிட்டு அச்சிட்ட பதிப்பாசிரியரும் இதையேதான் செய்தார். தானே நல்ல சொல் எழுதத் தெரியாததால் அல்ல.

எண் கிடைக்காத க்வாட்டின் பானட்டில் 'எச்' என்ற எழுத்தை மட்டும் எழுதலாம். அது பீரங்கி இழுத்த டிராக்டர் என்பது நமக்குத் தெரியும். அந்த எழுத்துக்கு உரிமை உண்டு. அதற்கு அடுத்து இலக்கங்கள் இருந்த நீளத்துக்கு வெறும் பச்சையை விட்டுவிடலாம். போரில் எந்த வண்டியும் இப்படி ஓடவில்லை என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இப்போது நம் முன் நிற்பது போரில் ஓடிய வண்டி அல்ல. அதில் மிஞ்சியதும், காட்டில் மரம் இழுத்ததும், நாம் நேற்றுச் செய்து பொருத்தியதும் சேர்ந்த வண்டி. அதற்கு இதுதான் சரியான எண்.